கண்ணை மூடினால் காது திறந்துகொள்கிறது: தியானம் பழகத் தொடங்கியோரின் இடர்கள்

வாவிக்கரை (கல்லடி) எழுதியது:

இங்கே பலர் ஆண்டுக்கணக்காகத் தியானம் பழகி வருகிறவர்கள் என்பதை அறிந்தே இந்த இழையைத் தொடங்குகிறேன். எனக்கு வயது 43. கணக்குப் பகுதியில் வேலை. இரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருப்பதைக் கண்ட வைத்தியர், உப்பைக் குறைக்கச் சொன்னதோடு, ‘கொஞ்சம் தியானமும் செய்து பாருங்கள்’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். உப்பைக் குறைத்துவிட்டேன். தியானந்தான் ஐந்து வாரமாக என்னைப் படுத்துகிறது.

காலை 5.30க்கு விறாந்தையில் பன்பாய் விரித்து 20 நிமிடம் சம்மணமிட்டு அமர்கிறேன். மனத்தை வெறுமையாக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். கண்ணை மூடிய மறுநொடியே பாலத்தில் ஏறும் பஸ்ஸின் உறுமல், பாண் விற்கும் முச்சக்கரவண்டியின் இசை, அடுத்த வீட்டுக் கிணற்றுக் கப்பியின் கிறீச்சிடல் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. அவை ஓய்ந்தால், அலுவலகத்தில் மூன்று நாளாக நேர்ப்படாமல் இருக்கும் 1,450 ரூபாய் வந்து நிற்கிறது. எட்டாவது நிமிடத்தில் இடது கால் விறைத்துவிடுகிறது. சென்ற வெள்ளிக்கிழமை அப்படியே எழுந்தவன், கால் இருப்பதே தெரியாமல் சரிந்து குத்துவிளக்கைத் தட்டிவிட்டேன். சாரன் முழுவதும் தேங்காயெண்ணெய். மூச்சைக் கவனி என்கிறார்கள். நான் கவனிக்கத் தொடங்கியதும் அது தானாக நடப்பதை விட்டுவிட்டு என் கட்டளைக்காகக் காத்திருக்கிறது. நெஞ்சு இறுகுகிறது, சில நாள்களில் விரல் நுனிகள் குறுகுறுக்கின்றன. இவை எதுவும் இல்லாத நாளில் நன்றாக உறங்கிவிடுகிறேன்.

போதாக்குறைக்கு அம்மா. நான் கண்ணை மூடி அமர்ந்திருப்பதைக் காணும்போதெல்லாம், ‘என்ன மனே, மேலுக்கு ஏலாம இரிக்காயா?’ என்று நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார்.

இவை எல்லோருக்கும் வருபவையா, அல்லது என் மனத்தின் அமைப்புக்கு இந்தப் பயிற்சி ஒத்துவராதா என்பதைத்தான் அறிய விரும்புகிறேன்.

வெள்ளைச்சப்பாத்து (மட்டக்களப்பு நகர்) எழுதியது:

தம்பி, நான் தாதியாகப் பணியாற்றுகிறேன். பதினொரு ஆண்டுகளாக அமர்கிறேன். காலில் இருந்தே தொடங்குவோம், ஏனென்றால் புதியவர்கள் மனத்தைக் குற்றம் சொல்லிக் கைவிடும் பயிற்சிகளில் பாதி, உண்மையில் முழங்காலாலும் இடுப்பாலும் கைவிடப்பட்டவை.

முழங்காலின் வெளிப்பக்கத்தில், தோலுக்கு மிக அருகே ஒரு நரம்பு ஓடுகிறது. வெறும் பாயில் சம்மணமிட்டால் அது தரைக்கும் எலும்புக்கும் இடையே நசுங்குகிறது. விறைப்பு அதனால் வருகிறதே தவிர, இரத்தம் நின்றுபோவதால் மட்டும் வருவதில்லை. உங்களுடைய இடுப்பு முழங்கால்களைவிடத் தாழ்வாக இருக்கிறது என்று நினைக்கிறேன். தடித்த மருதமுனைச் சாரன்கள் இரண்டை நன்றாக மடித்து, பிட்டத்தின் பின்பாதி மட்டும் அதன்மேல் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு நான்கு விரல் உயர்ந்தாலே முழங்கால்கள் தாமாகத் தரையை நோக்கி இறங்கும், முதுகும் வளையாது. ஒரு கணுக்காலின் மேல் மற்றக் காலை ஏற்றாமல், இரண்டையும் தரையில் ஒன்றன்முன் ஒன்றாகக் கிடத்துங்கள். அப்படியும் முடியாவிட்டால் கைபிடியற்ற மரக்கதிரையில், உள்ளங்கால்கள் இரண்டும் தரையில் பதிய, சாயாமல் அமரலாம். விறைத்த காலுடன் உடனே எழுவதை மட்டும் செய்யவே வேண்டாம். காலை நீட்டி, பாதத்தை மேலும் கீழும் அசைத்து, உணர்வு திரும்பிய பின் எழுங்கள். இந்த முறை எண்ணெயோடு போயிற்று. கணுக்கால் முறிந்து வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். எழுந்து நெடுநேரமாகியும் விறைப்பு நீங்கவில்லை என்றாலோ, உங்களுக்கு நீரிழிவு இருந்தாலோ, அது தியானத்தின் கேள்வியன்று, வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது மூச்சு. நெஞ்சு இறுகி, விரல் நுனி குறுகுறுக்கிறது என்றால், நீங்கள் மூச்சைக் கவனிக்கவில்லை, இழுத்து இழுத்து விடுகிறீர்கள். தேவைக்கு மேல் மூச்சுவிடும்போது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு குறைகிறது. அதனால் உதடும் விரலும் குறுகுறுக்கும், தலை இலேசாகச் சுற்றும், காற்றுப் போதவில்லை என்ற உணர்வே மேலும் வரும், அதற்காக இன்னும் பெரிதாக இழுப்பீர்கள். மூக்கு நுனியை விட்டுவிட்டு, தொப்புளின் மேல் ஒரு கையை வையுங்கள். கை உயர்கிறது, தாழ்கிறது, அவ்வளவுதான் வேலை. மூச்சு சிறிதாக இருந்தால் சிறிதாகவே இருக்கட்டும். வெளியே போகும் மூச்சை மட்டும் ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மீண்டும் ஒன்றுக்கு வாருங்கள். ஆனால் மாடிப்படி ஏறும்போதோ நடக்கும்போதோ இதே நெஞ்சிறுக்கம் வருமானால், நாளைக்கு என்று தள்ளாமல் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். உங்களுக்கு இரத்த அழுத்தமும் இருக்கிறது.

20 நிமிடம் வேண்டாம். ஏழு நிமிடம் போதும்.

மண்டூரான் எழுதியது:

தாதி அம்மையாரின் மருத்துவ அறிவை மதிக்கிறேன். ஆயினும் ஏழு நிமிடம், கதிரை, கை வைத்துப் பார்த்தல் என்று இறக்கிக்கொண்டே போனால், இறுதியில் படுத்துக்கொண்டே தியானிக்கலாம் என்ற இடத்தில் வந்து நிற்போம். நான் 31 ஆண்டுகளாக நாலு மணிக்கு எழுந்து, குளித்து, வடக்கு நோக்கி அமர்கிறேன். தொடக்கத்தில் எனக்கும் வலித்தது. வலியைத் தாங்காதவன் எதைத் தாங்குவான்?

மௌனம் நமக்குப் புதிதன்று. எங்கள் ஊர் முருகன் கோயிலில் கப்புகனார் (பூசகர்) வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் எதுவும் ஓதாமல் பூசை செய்வதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆயிரம் பேர் நெருக்கி நிற்க, பறை முழங்க, அவர் அமைதியாக உள்ளே போகிறார். சத்தம் இருப்பதால் மௌனம் வராது என்று சொல்கிற தம்பி, அந்தத் திருவிழாவை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

ஐயத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். பதஞ்சலியார் யோக சூத்திரத்தின் முதற் பாதத்திலேயே ஒன்பது இடையூறுகளை எண்ணி வைத்திருக்கிறார்: நோய், மனத்தின் மந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல், புலன்வழி இழுபடுதல், பிறழக் காணுதல், எந்த நிலையும் எய்தாமை, எய்திய நிலையில் நில்லாமை. ‘எனக்கு ஒத்துவராதோ’ என்ற உங்கள் கேள்வி அந்தப் பட்டியலில் மூன்றாவது இடத்தில் பன்னெடுங் காலமாக அமர்ந்திருக்கிறது. ஆகவே உங்களுக்கு வந்திருப்பது தனி நோயன்று. வருவார் எல்லோரும் கடக்கும் துறை.

வெள்ளைச்சப்பாத்து எழுதியது:

ஐயா, அதே சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் இருக்கையைப் பற்றி மூன்றே சொல்லில் வருகிறது: உறுதியானதும் சுகமானதும் எதுவோ அது இருக்கை. உறுதியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், சுகத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ஊசிபோல் குத்தும் வலி, எரியும் வலி, மூட்டுக்குள்ளே வரும் வலி ஆகியவற்றைத் தாங்குவது வைராக்கியமாகாது. நீண்ட நேரம் அசையாது இருப்பதால் தசையில் வரும் மந்தமான நோவை, அது வேறு, சற்றுநேரம் பார்த்திருக்கலாம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘தாங்கு’ என்று மட்டும் சொன்னால், 50 வயதில் தொடங்குகிறவர்கள் முழங்கால் சவ்வைக் கிழித்துக்கொண்டு எங்களிடம் வருவார்கள்.

பரண்காரன் (வெல்லாவெளி) எழுதியது:

மனம் வெறுமையாகவில்லை என்ற முறைப்பாட்டுக்கு நான் மறுமொழி எழுத ஆசைப்படுகிறேன். ஏனென்றால் நானும் அதே காரணத்தால் இரண்டு முறை விட்டவன்.

பெரும்போகம் விளைந்து அறுப்புக்கு முன்னுள்ள வாரங்களில் எங்கள் பக்கம் வயலுக்கு இராக்காவல் இல்லாமல் முடியாது. யானை ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சாப்பாட்டை மிதித்துவிட்டுப் போய்விடும். பதினாறு வயதில் மாமாவோடு முதன்முதலாகப் பரணில் ஏறினேன். வரம்பில் ஏதோ சரசரத்தால் டோர்ச் அடித்தேன். தவளை குதித்தால் டோர்ச் அடித்தேன். காற்று வந்து கதிர் உரசினாலும் கூக்குரல் போட்டேன். மாமா ஒன்றும் பேசவில்லை. ஒரு மணிக்கெல்லாம் நான் களைத்து உறங்கிவிட்டேன். யானை மூன்று மணிக்கு வந்ததாக விடிந்த பிறகுதான் அறிந்தேன். மாமா வெடி போட்டு அதைத் திருப்பியதுகூட எனக்குத் தெரியாது. மறுநாள் இரவு அவரைக் கவனித்தேன். ஒரு சத்தம் கேட்டால், ‘மாடு’ என்பார், தமக்குள். இன்னொன்று கேட்டால், ‘பன்றி, தூரம்’ என்பார். வேறொன்றுக்கு ‘காற்று’. அவ்வளவுதான், வெற்றிலையை மென்றுகொண்டு இருப்பார். சத்தமே இல்லாத வயலை அவர் எதிர்பார்க்கவில்லை.

பின்னாளில் தியானம் பழகியபோது அதைத்தான் செய்தேன். 1,450 ரூபாய் வந்தால் உள்ளுக்குள் ‘கணக்கு’ என்று ஒரு சொல். பஸ் போனால் ‘சத்தம்’. நாளைக்கு யாரிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை தொடங்கினால் ‘திட்டம்’. சொல்லிவிட்டுத் தொப்புளுக்குத் திரும்புங்கள். விரட்டவும் வேண்டாம், எழுந்து பின்னால் போகவும் வேண்டாம். ஏழு நிமிடத்தில் மனம் முப்பது முறை போனால், நீங்கள் முப்பது முறை திரும்பியிருக்கிறீர்கள். அந்தத் திரும்புதலைத்தான் பயிற்சி என்கிறார்கள், போகாமல் இருப்பதையன்று. இது எனக்கு விளங்க நாலு வருடம் ஆயிற்று.

இன்னொன்று. மனம் போய்விட்டதைக் கண்டுபிடிக்கும் அந்தக் கணத்தில் எல்லோரும் தம்மைத் தாமே ஏசிக்கொள்கிறார்கள்: ‘சீ, திரும்பவும் போயிற்றே.’ அந்த ஏச்சும் ஓர் எண்ணந்தான். அதற்கும் ஒரு பெயர் வையுங்கள். நான் அதற்கு ‘மாமா’ என்று பெயர் வைத்திருக்கிறேன், பாவம், அவர் ஒருநாளும் ஏசாதவராக இருந்தும்.

அம்பாறை எழுதுவினைஞர் எழுதியது:

உறக்கத்தைப் பற்றி யாரும் இன்னும் விரிவாக எழுதவில்லை. என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் போயா (பௌர்ணமி) நாள்களில் சில் எனும் பௌத்த விரதம் எடுப்பவர்; தியானத்தின்போது என் தலை தொங்குகிறது என்று அவரிடம் குறைப்பட்டபோது அவர் சிரித்துவிட்டு, புத்தர் தம் தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானருக்கே இதற்கு வைத்தியம் சொல்ல வேண்டியிருந்தது என்றார். பாளி சூத்திரத்தில் அது படிப்படியாக வருகிறது. உறக்கத்தைக் கொண்டுவந்த நினைவைவிட்டு வேறொன்றில் மனத்தை வை, போகாவிட்டால் கற்றதை எண்ணிப் பார், போகாவிட்டால் வாய்விட்டு ஓது, காதுகள் இரண்டையும் இழுத்து, கைகால்களைத் தேய், எழுந்து கண்களை நீரால் கழுவி, திசைகளையும் விண்மீன்களையும் நோக்கு, வெளிச்சத்தை மனத்தில் கொண்டுவா, எழுந்து நட, எதுவும் பலிக்காவிட்டால், எழும் நேரத்தை மனத்தில் குறித்துக்கொண்டு வலப்பக்கமாகப் படுத்து உறங்கு. இந்தக் கடைசிப் படியில்தான் எனக்குப் புத்தர்மேல் அன்பு பிறந்தது. 

என் அனுபவத்தில் நடப்பதே சிறந்த மருந்து. வீட்டு முற்றத்தில் இருபது அடி நீளம் போதும். குதிகால் படுகிறது, உள்ளங்கால் படுகிறது, விரல் அழுந்துகிறது. முனைக்கு வந்ததும் நின்று திரும்புதல். பகல் சோற்றுக்குப் பின் அமரவே வேண்டாம். இந்த வெக்கையில் எந்த முனிவரும் உறங்குவார். கண்ணைப் பாதி திறந்து, நாலடி முன்னே தரையைப் பார்த்திருப்பதும் உதவும்.

ஆர்வத்தில் பத்து நாள் மௌனப் பயிற்சி ஒன்றுக்கு ஓடிவிட வேண்டாம் என்றும் சொல்லிவைக்கிறேன். நான் போனேன். காலை நாலு மணிக்கு மணியடித்து எழுப்பி, நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து மணித்தியாலம் அமரவைப்பார்கள். பயன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து, தினமும் இரண்டு மணித்தியாலம் அமர்வேன் என்று சபதம் எடுத்து, மூன்றாம் வாரத்தில் முழுதாக விட்டுவிட்டு, ஐந்து மாதம் அந்தப் பாயின் பக்கமே போகவில்லை. பெரிய சபதமும் ஓர் இடர்தான். பட்டியலில் பத்தாவதாகச் சேர்க்கலாம்.

காரைதீவான் எழுதியது:

மேலே எழுதப்பட்டதற்கு ஒட்டி ஒரு சிறு குறிப்பு. அதே பாளி நூல்களில் சோணர் என்ற துறவி வருகிறார். கால் வெடித்து இரத்தம் வரும் மட்டும் நடைப் பயிற்சி செய்து, ஒன்றும் கைகூடாமல், வீட்டுக்கே போய்விடலாமா என்று எண்ணியவர். துறவுக்கு முன் அவர் வீணை வாசித்தவராகையால், நரம்பை மிக முறுக்கினால் இசை எழுமா, மிகத் தளர்த்தினால் எழுமா என்று புத்தர் அவரிடம் கேட்கிறார். ‘யாழ் நூல்’ தந்த விபுலாநந்த அடிகளார் 1892இல் பிறந்த ஊர்க்காரன் என்ற முறையில், இந்த உவமை எனக்கு மட்டும் சொல்லப்பட்டது என்று எண்ணிக்கொள்வேன். மண்டூர் ஐயாவும் தாதி அக்காவும் ஒரே நரம்பின் இரு முனைகளில் நின்று முறுக்குகிறீர்கள். தொடங்குகிறவருடைய நரம்பு எப்படிப்பட்டது என்று முதலில் தட்டிப் பார்க்க வேண்டாமா?

ஸுபஹ் (அக்கரைப்பற்று) எழுதியது:

நான் பள்ளிக்கூட ஆசிரியர். ஸுபஹ் (வைகறை) தொழுகை முடிந்து, திக்ர் (இறைநினைவு ஓதல்) முடிந்து, அதே விரிப்பில் இன்னும் பத்து நிமிடம் மூச்சோடு இருக்கிறேன். புதிதாக நேரம் ஒதுக்கவில்லை, ஏற்கெனவே உள்ள ஒன்றின் வாலில் கட்டிவிட்டேன். அதனால்தான் நிலைத்தது என்று நம்புகிறேன். வாவிக்கரை அவர்கள் காலையில் தவறாமல் செய்யும் ஒன்றை, அது பல் துலக்குவதாகவே இருக்கட்டும், பிடித்துக்கொள்ளலாம்.

48 நாள் செய்தால் பழகிவிடும், 21 நாள் செய்தால் பழகிவிடும் என்றெல்லாம் சொல்கிறார்கள். இலண்டனிலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றை நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு: உணவு, குடிநீர், உடற்பயிற்சி ஆகியவை தொடர்பான ஏதேனும் ஒரு புதுச் செயலை 96 பேர் தினமும் செய்துவந்ததில், அது தானாக நடக்கும் பழக்கமாவதற்கு எடுக்கும் என்று கணிக்கப்பட்ட காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது, நடுத்தரமாக 66 நாள். ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவும் இல்லை. அது தியானத்தைப் பற்றிய ஆய்வன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் ஐந்து வாரத்தில் தம்மைத் தோற்றவராக எழுதிக்கொள்வதற்கு இடமில்லை என்பது அதிலிருந்து விளங்கும்.

நுளம்பைப் பற்றியும் ஒரு சொல். கடித்தால் அசையாமல் அந்த வலியையும் கவனி என்று சில குருமார் சொல்வது, இங்கே பொருந்தாத போதனை. டெங்கு நுளம்பு பகலில், அதிலும் விடிந்த பின்னுள்ள ஓரிரு மணித்தியாலங்களிலும் பொழுதுபட முன்னும் அதிகமாகக் கடிப்பது. விறாந்தையில் அமர்வோர் சரியாக அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் வலைக்குள்ளேயே அமருங்கள். காற்றாடியைச் சிறிதாக வைத்தாலும் நுளம்பு தங்காது, தெருச் சத்தமும் அதன் இரைச்சலில் கரையும்.

பெயர் வேண்டாம் (திருக்கோவில்) எழுதியது:

இந்த இழையை நாலு நாளாகப் படித்து வருகிறேன். எழுதுவதா விடுவதா என்று யோசித்தே நாள் போயிற்று. நீங்கள் எல்லோரும் எண்ணங்கள் வருகின்றன, உறக்கம் வருகிறது என்று எழுதுகிறீர்கள். எனக்குக் கண்ணை மூடினால் தண்ணீர் வருகிறது. 2004 மார்கழி 26 அன்று நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும்போது மூச்சு முட்டுகிறது, வாயில் உப்பும் மண்ணும் தெரிகின்றன, உடனே எழுந்து வெளியே ஓடிவிடுகிறேன். வகுப்பு நடத்திய ஒருவரிடம் சொன்னேன். ‘வரட்டும், அதோடேயே இருங்கள், கரைந்துவிடும்’ என்றார். இருந்து பார்த்தேன். மூன்று இரவு உறக்கம் இல்லை. இதற்கும் பொறுமைதான் வழியா என்று கேட்கிறேன்.

வெள்ளைச்சப்பாத்து எழுதியது:

தங்கச்சி, இல்லை. இதற்குப் பொறுமை வழியன்று. நீங்கள் எழுந்து ஓடியது சரி.

மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். எண்ணம் வருவதும் அன்றைய நாளே திரும்ப நடப்பதும் ஒன்றல்ல. போரும் கடலும் 2019இன் ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகளும் கடந்து வந்த மாவட்டங்கள் இவை. ஓர் அறையில் இருபது பேரைக் கண்ணை மூடச் சொன்னால், அதில் இரண்டு மூன்று பேருக்காவது கண்ணிமைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்பவருக்குத் தெரியாது. அதனால்தான் ‘வரட்டும், இருங்கள்’ என்ற சொல்லை எல்லோருக்கும் ஒரே கரண்டியால் பரிமாறக் கூடாது. அப்படிப்பட்ட நினைவோடு இருப்பதற்கு ஒரு முறை உண்டு. அதைப் பயிற்சி பெற்ற உளநல வைத்தியரோ உளவளத்துணையாளரோ பக்கத்தில் இருந்து, சிறிது சிறிதாகத்தான் செய்விப்பார்கள்.

கண்ணை மூட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மூச்சைத்தான் கவனிக்க வேண்டும் என்றும் இல்லை. உங்களுக்கு மூச்சே நீரோடு கட்டுண்டிருக்கும்போது, அதை விட்டுவிடுங்கள். முற்றத்துச் சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்று, கண்ணைத் திறந்து, உள்ளங்கால் குளிர்வதை மட்டும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களை உள்ளுக்குள் பெயர் சொல்லுங்கள்: வாளி, முருங்கை, கயிறு, மதில், பூனை. கையில் ஒரு கல்லையோ சாவியையோ பிடித்துக்கொண்டு அதன் பாரத்தை உணருங்கள். இரண்டு நிமிடம் போதும். கதவு திறந்திருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும். நடுவில் நிறுத்த வேண்டுமென்று தோன்றினால் நிறுத்திவிடுவதும் பயிற்சிக்குள் அடங்கியதே.

மூன்று இரவு உறக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தொடர்ந்தால், அல்லது பகலிலும் அந்தத் தண்ணீர் வந்தால், தனியாக இதைச் சுமக்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் வர இயலாவிட்டால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். அங்கே போவதற்குப் பைத்தியமாக இருக்க வேண்டியதில்லை. பல் வலிக்குப் பல் வைத்தியரிடம் போகிறோம். ஏற்கெனவே உளநலத்துக்கு மருந்து எடுக்கிறவர்களுக்கும் ஒன்று: தியானம் தொடங்கியதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள், நீண்ட மௌனப் பயிற்சிகளுக்குப் போகுமுன் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

மண்டூரான் எழுதியது:

திருக்கோவில் மகளுக்கு: நான் முன்பு எழுதிய ‘வலியைத் தாங்காதவன்’ என்ற வரி உங்களுக்கு எழுதப்பட்டதன்று. நீங்கள் அதைப் படித்திருப்பீர்கள் என்பதை எண்ணி வருந்துகிறேன். 

கண்ணைத் திறந்தபடி விளக்குச் சுடரை இலேசாக நோக்கியிருப்பது நம் பெரியோர் வழக்கிலும் உண்டு. முறைக்க வேண்டாம், கண் சிமிட்டலாம், வீட்டில் மாலை விளக்கு வைத்தவுடன் சற்று நின்று பார்ப்பதுபோல். ஆனால் தாதி அம்மையார் சொன்னதே முதலில். 

வாவிக்கரை (கல்லடி) எழுதியது, மூன்று வாரத்தின் பின்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இரண்டு சாரன் மடித்து வைத்த அன்றே விறைப்பு பாதியாகக் குறைந்தது. இப்போது ஏழு நிமிடமும் காலைப் பற்றிய நினைவே இல்லை. கையைத் தொப்புளுக்கு இறக்கியதும் விரல் குறுகுறுப்பு நின்றது. படி ஏறும்போது நெஞ்சு இறுகவில்லை என்றாலும் தாதி அக்கா சொன்னதற்காகப் போய் இதயத் துடிப்புப் பதிவு எடுத்துப் பார்த்தேன். குறையொன்றும் இல்லை என்றார்கள். இரத்த அழுத்தம் இறங்கிற்றா என்று கேட்காதீர்கள்: சற்று இறங்கியிருக்கிறது, ஆனால் அது உப்பாலா இதனாலா என்று ஒரு கணக்கர் என்ற முறையில் என்னால் பிரித்து எழுத இயலாது.

பெயர் வைப்பதுதான் கடினமாக இருந்தது. முதல் வாரம் ‘கணக்கு, கணக்கு, கணக்கு’ என்றே ஏழு நிமிடமும் போயிற்று. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, பஸ் பாலத்தில் ஏறியது, ‘சத்தம்’ என்றேன், அடுத்த மூச்சுக்குத் திரும்பினேன். அந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறது, யார் ஓட்டுகிறார் என்ற கதை தொடரவில்லை. நான்கைந்து மூச்சுக்கு மட்டுந்தான். பிறகு ‘அட, தொடரவில்லையே’ என்று மகிழ்ந்து, அந்த மகிழ்ச்சியின் பின்னாலேயே போய்விட்டேன்.

அம்மா நெற்றியில் கை வைப்பதை நிறுத்திவிட்டார். என்ன செய்கிறேன் என்று நான் ஒருநாளும் சொல்லாததே பிழை. சொன்னதும், ‘இதைத்தானா இவ்வளவு நாளும் களவாச் செஞ்ச?’ என்று கேட்டுவிட்டு, இப்போது நான் அமரும் நேரத்தில் வாசற்படியில் வந்திருந்து பாக்கு வெட்டுகிறார். பாக்குவெட்டி ‘கடக்’ என்கிறது, சற்று நேரம் ஒன்றும் இல்லை, மீண்டும் ‘கடக்’. எனக்குக் கிடைத்த மணி அது. ஏழு நிமிடம் ஆனதை அவரே கண்டுபிடித்து, ‘மறுகா இரி மனே, தேத்தண்ணி ஆறுது’ என்று எழுப்பிவிடுகிறார். கைத்தொலைபேசியை இப்போது பக்கத்தில் வைப்பதே இல்லை.

ஒரு குறை மட்டும் மிஞ்சியிருக்கிறது. கிழமை நாள்களில் விழித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், காது இழுத்தாலும் முகம் கழுவினாலும் நடந்தாலும், மூன்றாவது நிமிடத்தில் தலை தொங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

மண்டூரான் எழுதியது:

சனிக்கிழமை இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?

வாவிக்கரை (கல்லடி) எழுதியது:

கிரிக்கெட் இருந்தால் பன்னிரண்டரை, ஐயா.

மண்டூரான் எழுதியது:

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை உறங்குங்கள்.